அலுவலகத்துக்கு என் எச்சில் எதற்கு?

எங்கள் அலுவலகக் கேன்டீன் ஓரமாக அன்று ஒரு மேசை போட்டிருந்தார்கள். மேசைமேல் விரல் நீளத்துக்குப் பிளாஸ்டிக் குழாய்கள், பக்கத்தில் நாலு பக்க ஆங்கிலப் படிவம், சிரித்த முகத்தோடு இரண்டு பெண்கள். குழாயில் கோடு போட்ட இடம்வரை எச்சிலைத் துப்பிக் கொடுக்க வேண்டும். சர்க்கரை, மாரடைப்பு, ரத்தக் கொதிப்பு, உடல் பருமன் இவற்றில் எது உங்களுக்கு வரக் காத்திருக்கிறது என்ற அறிக்கை சில வாரங்களில் கைக்கு வந்துவிடும். செலவு கம்பெனியுடையது.

எனக்கு முன்னால் நின்ற பையன் இரவு ஷிப்டு முடித்து வந்தவன். மணி காலை எட்டரை. அரை மணி நேரம் முன்பிருந்தே எதுவும் சாப்பிடக் கூடாது, குடிக்கவும் கூடாது என்று சொல்லியிருந்ததால், வாங்கிய பூரித் தட்டை இன்னொரு தட்டால் மூடி வைத்துவிட்டு வரிசையில் நின்றான். அவன் முறை வந்தபோது எச்சில் ஊறவில்லை. ராத்திரி முழுக்க ஏசியில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு பேசிய வாய். கன்னத்தைக் கையால் நீவி நீவிப் பார்த்தான். நுரை இல்லாமல் கோடுவரை நிரப்ப அவனுக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆனது. அவன் உடம்பைப் பற்றி எங்கள் அலுவலகம் தெரிந்துகொள்ள வேண்டியது அந்த வறண்ட வாயிலேயே இருந்தது.

நான் குழாயை வாங்கவில்லை. ஏன் என்று ஹெச்.ஆரில் கேட்டார்கள். அன்று எனக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை. அன்று சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன்.

அவர்கள் தரப்பை முதலில் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். வாழ்க்கைமுறை நோய்கள் பெருகிவிட்டன. இந்தியர் உடம்பிலேயே சர்க்கரைக்கான மரபணு இருக்கிறது. யாருக்கு ஆபத்து அதிகம் என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டால் அவரவருக்கு ஏற்ற உணவையும் உடற்பயிற்சியையும் சொல்லலாம். தன் மரபணு அறிக்கையைப் பார்த்தவர் பயந்தாவது திருந்துவார். கட்டாயம் ஏதும் இல்லை, விருப்பமுள்ளவர்தானே கொடுக்கிறார், இதில் யாருக்கு என்ன நஷ்டம்? டாக்டர்களும், ஊழியர்கள்மேல் உண்மையிலேயே அக்கறை உள்ள மேலாளர்களும் இப்படிப் பேசுகிறார்கள். அவர்கள் எண்ணத்தில் நான் குறை காணவில்லை. சொல்லும் காரணங்களில் ஒன்றுகூட நிற்காது என்பதுதான் என் கட்சி.

அந்த ‘இந்திய உடம்பு’ வாதத்தை எடுத்துக்கொள்வோம். தெற்காசியர்களுக்குச் சர்க்கரை நோய் இளவயதிலேயே, பெரிதாக எடை கூடாதபோதே வருகிறது என்பது உண்மை. அதில் பரம்பரைக்குப் பங்கு உண்டு என்பதும் உண்மை. ஆனால் சென்னையிலேயே எடுத்த கணக்கைப் பாருங்கள். நகரத்துப் பெரியவர்களில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் 1989-இல் நூற்றுக்கு 8.3 பேர். 1995-இல் 11.6. 2000-இல் 13.5. 2004-இல் 14.3. பதினைந்து ஆண்டுக்குள் 72 சதவீத உயர்வு. அதற்குள் சென்னைக்காரர்களின் மரபணு மாறிவிட்டதா? ஒரு தலைமுறைகூட முழுதாக நகரவில்லையே. அந்த ஆண்டுகளில் மாறியது என்ன என்று இந்த ஊரில் இருந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சைக்கிளில் வேலைக்குப் போன அப்பா ஸ்கூட்டர் வாங்கினார். நின்றும் நடந்தும் செய்த வேலைகள் நாற்காலிக்கு வந்தன. நாற்காலி வேலைகள் ராத்திரிக்கும் நீண்டன. மதியச் சாப்பாடு தூக்குவாளியிலிருந்து கேன்டீனுக்குப் போனது. இன்று நாட்டில் பத்துக் கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆய்வு 2023-இல் சொன்னது. அசையாமல் நின்ற ஒன்றைக் காட்டி, ஏறிக்கொண்டே போகும் ஒன்றை விளக்க முடியாது.

அடுத்தது சோதனையின் திறமை. சர்க்கரை நோயோடு தொடர்புள்ள பரவலான மரபணு மாற்றங்களில் மிக வலுவானது டி.சி.எஃப்.7.எல்.2 என்ற மரபணுவில் இருப்பது. 2006-இல் கண்டுபிடித்தார்கள். அதன் ஒரு பிரதி உடம்பில் இருந்தால் ஆபத்து ஏறக்குறைய 1.4 மடங்கு. இருப்பதிலேயே பெரியது இவ்வளவுதான். மற்றவை இதைவிடச் சிறியவை, அவற்றைக் கூட்டித்தான் மதிப்பெண் போடுகிறார்கள். அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் ஆய்வாளர்கள் 2008-இல் இப்படி 18 இடங்களைக் கூட்டிப் பார்த்தார்கள். வயது, எடை, ரத்தச் சர்க்கரை, குடும்ப வரலாறு போன்ற சாதாரண விவரங்களை வைத்தே கணிப்பின் துல்லியம் 0.900 இருந்தது. மரபணு மதிப்பெண்ணையும் சேர்த்தபோது 0.901 ஆனது. இன்றைய மதிப்பெண்கள் லட்சக்கணக்கான இடங்களைக் கூட்டுகின்றன, அன்றையதைவிட மேலானவை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவற்றுக்கு அடிப்படையான ஆய்வுகளில் கலந்துகொண்டவர்களில் ஐந்தில் நான்கு பங்கினர் ஐரோப்பிய வம்சாவளியினர். வேறொருவருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையை எங்கள் கேன்டீனில் கொண்டுவந்து விரித்திருந்தார்கள்.

நமக்கே அளவெடுத்தது ஒன்று இருக்கிறது. டாக்டர் வி. மோகனின் சென்னை நீரிழிவு ஆய்வு நிறுவனம் 2005-இல் வெளியிட்ட இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண். ஓர் அங்குல நாடாவும் மூன்று கேள்விகளும் போதும். மொத்தம் நூறு மதிப்பெண்: வயதுக்கு அதிகபட்சம் 30, இடுப்புச் சுற்றளவுக்கு 20, உடல் உழைப்புக்கு 30, குடும்பத்துக்கு 20. 60-ஐத் தொட்டால் ஆபத்து அதிகம். குடும்பத்துக்கான 20-ஐ வாங்க அம்மா அப்பா இருவருக்கும் சர்க்கரை இருக்க வேண்டும். உடற்பயிற்சியும் இல்லாமல், பார்க்கும் வேலையும் உட்கார்ந்த வேலையாக இருந்தால் 30. அதாவது பரம்பரை மொத்தமும் சேர்ந்து தருவதைவிட அதிகமான மதிப்பெண்ணை அசையாத வாழ்க்கை தருகிறது, அந்த வாழ்க்கையில் பாதி நீங்கள் பார்க்கும் வேலை. இதைக் கண்டுபிடிக்க யாருடைய எச்சிலும் தேவைப்படவில்லை.

‘பயந்தாவது திருந்துவார்’ என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நானும் ஒரு காலத்தில் அப்படி நம்பினேன். சோதித்துப் பார்த்தவர்களின் முடிவு வேறு. மரபணு ஆபத்தைத் தெரிவித்தால் மக்கள் பழக்கத்தை மாற்றுகிறார்களா என்று பார்த்த 18 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2016-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் ஒரு தொகுப்பாய்வு வெளியிட்டது. புகைப்பதை விடுவதிலோ, உணவிலோ, உடல் உழைப்பிலோ மாற்றம் ஏற்பட்டதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் செய்து 2019-இல் வெளியான சோதனை இன்னும் கவலை தருவது. உடற்பயிற்சித் திறனோடு தொடர்புள்ள ஒரு மரபணு மோசமான வகையில் இருக்கிறது என்று சிலரிடம் சொன்னார்கள். உண்மையில் யாருக்கு எது இருந்தது என்பதைப் பொருட்படுத்தாமல், சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல் பிரித்துச் சொன்னார்கள். அப்படிச் சொல்லப்பட்டவர்கள் ஓட்டப் பட்டையில் முன்னைவிடச் சீக்கிரமே களைத்தார்கள், நுரையீரல் வேலை செய்யும் திறன்கூடக் குறைந்தது. அறிக்கை மனிதனைத் திருத்தாமல், சோர்ந்துபோகவும் செய்யலாம். ‘எங்க பரம்பரையிலயே இருக்குங்க, என்ன பண்றது’ என்று சொல்லிக்கொண்டே இரண்டாவது பாதுஷாவை எடுக்கும் பெரியப்பா எல்லார் வீட்டிலும் இருக்கிறார். அவருக்கு இந்த உண்மை எப்போதோ தெரியும்.

சரி, அறிக்கை என்னதான் செய்யச் சொல்கிறது? அந்தப் பையனுக்கு வந்ததை அவனே காட்டினான். சர்க்கரை நோய்க்கான ஆபத்து சராசரிக்கு மேல். கீழே பரிந்துரை: நடக்க வேண்டும், எண்ணெய்ப் பண்டத்தைக் குறைக்க வேண்டும், இரவில் ஏழிலிருந்து எட்டு மணி நேரம் தூங்க வேண்டும். பக்கத்துச் சீட்டுப் பெண்ணுக்கு ஆபத்து சராசரி. பரிந்துரை அதேதான். யாருக்கு எந்த மரபணு இருந்தாலும் சொல்லப்போவது ஒன்றே என்றால் சோதனை எதற்கு? அமெரிக்காவின் நீரிழிவுத் தடுப்பு ஆய்வில் அந்த டி.சி.எஃப்.7.எல்.2 மாற்றம் இரட்டையாக இருந்தவர்களுக்கு நோய் வேகமாக வந்தது. ஆனால் உணவையும் நடையையும் மாற்றிய குழுவில் அந்த வேறுபாடு பெரும்பாலும் கரைந்துவிட்டது. மோசமான மரபணு உள்ளவருக்கும் பலித்தது அதே வைத்தியம்தான். அந்தப் பையனுக்கு அன்று ராத்திரியும் ஷிப்டு இருந்தது. இரவில் எட்டு மணி நேரம் தூங்கச் சொன்ன காகிதத்துக்குப் பணம் கொடுத்ததும், அவனை ராத்திரி ஒன்பது மணிக்கு வரச் சொன்னதும் ஒரே நிர்வாகம்.

பலித்தது என்ன என்பதற்கு அமெரிக்கா வரை போக வேண்டியதும் இல்லை. சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரை மூன்று ஆண்டு தொடர்ந்து பார்த்து 2006-இல் வெளியிட்டார்கள். வழக்கமான அறிவுரையோடு விட்டவர்களில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. உணவையும் உடல் உழைப்பையும் மாற்றியவர்களில் 39 சதவீதம். அதே குழு 2013-இல் இன்னோர் ஆய்வை வெளியிட்டது. இம்முறை வேலைக்குப் போகும் 537 ஆண்கள். பாதிப் பேருக்குக் கைப்பேசியில் அவ்வப்போது குறுஞ்செய்தி அனுப்பினார்கள்: என்ன சாப்பிடலாம், எப்படி நடக்கலாம் என்று. இரண்டு ஆண்டில், செய்தி வராதவர்களில் 27 சதவீதம் பேருக்குச் சர்க்கரை. செய்தி வந்தவர்களில் 18 சதவீதம். குறுஞ்செய்தி! வேலை பார்க்கும் நம்மூர் ஆண்களிடமே காட்டப்பட்ட வழி பத்தாண்டுக்கு மேலாகக் கண்முன் இருக்க, குழாயைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

மரபணுச் சோதனையே கூடாது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். குடும்பத்தில் நாற்பது வயதுக்குள் மாரடைப்பு வந்தவர்கள் இருந்து, கொழுப்பும் மிக அதிகமாக இருந்தால், பரம்பரைக் கொழுப்பு மிகைக்கான சோதனை உயிரைக் காக்கும். மார்பகப் புற்றுநோய் தாய்வழியில் தொடர்ந்து வரும் குடும்பத்துப் பெண்ணுக்கு பி.ஆர்.சி.ஏ. சோதனை பெரிய உதவி. அங்கே ஒரே மரபணு பெரிய வேலை செய்கிறது, முடிவுக்கு ஏற்ற சிகிச்சையும் இருக்கிறது. ஆனால் அது நோயாளியும் டாக்டரும் கதவைச் சாத்திக்கொண்டு பேச வேண்டிய விஷயம். சம்பளம் கொடுப்பவருக்கு அந்த அறையில் இடமே இல்லை.

ஏன் இல்லை என்பதற்கு ஒரு ரயில்வே கம்பெனியின் கதையைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் பர்லிங்டன் நார்தர்ன் சாண்டா ஃபே ரயில் நிறுவனத்தில் தண்டவாளப் பராமரிப்பு வேலை பார்த்தவர்களுக்கு மணிக்கட்டு வலி வந்தது. விரல் மரத்துப்போகும், பொருளைப் பிடிக்க முடியாது. கார்ப்பல் டன்னல் என்பார்கள். அதிரும் கருவிகளை வருடக்கணக்கில் கையில் பிடித்தவர்கள். வேலையால் வந்தது என்று இழப்பீடு கேட்டார்கள். நிறுவனம் அவர்களை மருத்துவப் பரிசோதனைக்கு வரச் சொல்லி ரத்தம் எடுத்தது. எதற்கு என்று சொல்லவில்லை. மணிக்கட்டு வலிக்கு ரத்தம் எதற்கு என்று ஒரு தொழிலாளியின் மனைவிக்குச் சந்தேகம் வந்தது. அவர் நர்ஸ். அவர் விடாமல் கேட்ட பிறகே விஷயம் வெளியே வந்தது: அரிதான ஒரு நரம்புக் கோளாறுக்கான மரபணு அவர்களிடம் இருக்கிறதா என்று பார்த்திருக்கிறார்கள். இருந்தால் வலிக்குக் காரணம் கருவி அல்ல, தொழிலாளியின் பிறப்பு என்று ஆகிவிடும். அமெரிக்காவின் சம வேலைவாய்ப்பு ஆணையம் 2001-இல் வழக்குப் போட்டது. மறு ஆண்டு நிறுவனம் 22 லட்சம் டாலர் கொடுக்கச் சம்மதித்தது.

எங்கள் கேன்டீன் மேசைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்பார்கள். அங்கே திருட்டுத்தனம், இங்கே கையெழுத்து வாங்கிக்கொண்டு வெளிப்படையாகச் செய்கிறோம் என்பார்கள். முறைதான் வேறு. கேள்வி ஒன்றே: நோய்க்குக் காரணம் வேலையிலா, வேலை பார்ப்பவர் உடம்பிலா? உடம்பில் என்று ஒரு காகிதம் எழுதிக் கொடுத்துவிட்டால் வேலையைப் பற்றி யாரும் பேச வேண்டியதில்லை. நல்லெண்ணத்தோடு செய்தாலும் அந்தக் காகிதத்தின் வேலை அதுதான்.

விருப்பம் என்கிறார்கள். ஏப்ரலில் அப்ரைசல், மார்ச்சில் ஹெச்.ஆர். சிரித்துக்கொண்டே குழாயை நீட்டுகிறது. ‘டீம்ல நீங்க மட்டும்தான் பாக்கி’ என்று டீம் லீடர் சொல்கிறார். இதற்குப் பெயர் விருப்பமா? அமெரிக்காவில் 2008-இல் வந்த மரபணுத் தகவல் பாகுபாட்டுத் தடைச் சட்டம் வேலை கொடுப்பவர் ஊழியரின் மரபணுத் தகவலைக் கேட்கவே கூடாது என்கிறது. ஆனால் ‘விருப்ப நலத்திட்டம்’ என்று ஒரு வாசலைத் திறந்துவைத்தது. 2017-இல் அந்த வாசலை அகலமாக்க ஒரு மசோதா வந்தது. நலத்திட்டத்தில் மரபணுத் தகவல் தர மறுப்பவர் காப்பீட்டுக்குக் கூடுதலாகக் கட்ட நேரிடும் அளவுக்கு அதில் இடம் இருந்தது. பிரதிநிதிகள் சபையின் குழு ஒன்று அதற்கு ஒப்புதலும் கொடுத்தது. கடும் எதிர்ப்பால் சட்டமாகாமல் நின்றது.

அங்கே தடுக்கவாவது ஒரு சட்டம் இருந்தது. இங்கே அதுவும் இல்லை. டில்லி உயர் நீதிமன்றம் 2018-இல் ஒரு மருத்துவக் காப்பீட்டு வழக்கில், மரபணுக் கோளாறு என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிப் பணம் தர மறுப்பது பாகுபாடு என்றது. நல்ல தீர்ப்பு. ஆனால் அது காப்பீட்டைப் பற்றியது. 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ மரபணுத் தகவலுக்கென்று தனிப் பாதுகாப்பு எதையும் தரவில்லை. அதன் 7-ஆம் பிரிவு, வேலைவாய்ப்பு சார்ந்த நோக்கத்துக்காகவும், முதலாளியை இழப்பிலிருந்தும் பொறுப்பிலிருந்தும் காப்பதற்காகவும் ஊழியரின் தரவை அவர் ஒப்புதல் இல்லாமலே கையாள இடம் கொடுக்கிறது. முதலாளியைப் பொறுப்பிலிருந்து காப்பது! அந்த ரயில் கம்பெனி செய்யப் பார்த்ததும் அதைத்தானே.

இன்னொன்று. என் மரபணு என்னுடையது மட்டும் இல்லை. அதில் பாதி என் தங்கையிடமும் இருக்கிறது, என் மகளிடமும் இருக்கிறது. படிவத்தில் போடுவது என் கையெழுத்து ஒன்றுதான். கடவுச்சொல் திருடு போனால் மாற்றிக்கொள்ளலாம், இதை மாற்ற முடியாது. எச்சில் சோதனையில் பெயர்பெற்ற 23அண்டுமீ நிறுவனத்தில் 2023-இல் சுமார் 69 லட்சம் பேரின் விவரங்கள் வெளியே போயின. 2025 மார்ச்சில் அது திவால் மனுப் போட்டது. ஒன்றரைக் கோடிப் பேரின் தரவு இனி யார் கைக்குப் போகும் என்ற கேள்வி நீதிமன்றத்துக்கு வந்து நின்றது.

உண்மையிலேயே நோயைத் தடுக்க நினைக்கும் நிர்வாகம் எதைச் சோதிக்க வேண்டும்? தன் வருகைப் பதிவேட்டை. வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை பார்ப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் பார்ப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதமும் இதய நோயால் சாகும் ஆபத்து 17 சதவீதமும் கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் கணக்கிட்டன. 2016-இல் மட்டும் 7,45,000 பேர் இப்படி இறந்திருக்கிறார்கள். அமெரிக்கச் செவிலியர்களிடம் நடந்த நீண்ட ஆய்வில், இருபது ஆண்டுகளுக்கு மேல் மாறிமாறி இரவு ஷிப்டு பார்த்தவர்களுக்குச் சர்க்கரை நோய் ஆபத்து ஒன்றரை மடங்குக்கு மேல் இருந்தது. அதில் ஒரு பகுதி எடை கூடியதால் வந்தது. அந்த எடையும் இரவு ஷிப்டோடு ஏறியதுதான். இந்தப் பெரிய எண்ணை டி.சி.எஃப்.7.எல்.2-இன் 1.4-க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஷிப்டு அட்டவணை ஏற்கெனவே ஹெச்.ஆரின் கணினியில் இருக்கிறது. அதைப் படிக்க ஆய்வகம் வேண்டாம்.

எங்கள் வாசலில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் செக்யூரிட்டி அண்ணனுக்கு அன்று குழாய் நீட்டவில்லை. அவர் ஒப்பந்தக்காரரின் ஆள். துடைத்துப் பெருக்கும் அக்காக்களுக்கும் இல்லை. அவர்களுக்கும் கொடுத்திருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நலம் என்று சொல்லிக்கொண்டு வந்த திட்டத்துக்கு, கட்டடத்திலேயே அதிகம் அலுத்துப்போகும் உடம்புகள் கண்ணில் படவில்லை என்பதைச் சொல்கிறேன்.

தமிழ்நாட்டுத் தொழிலாளர்களுக்கு இந்த விஷயம் புதிதல்ல. 2023 ஏப்ரலில் தொழிற்சாலைகளில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியபோது, தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளுமே எதிர்த்து நின்றன. மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டது. உழைப்பவர் உடம்புக்காக அந்த ஆண்டு நடந்த பெரிய தடுப்பு நடவடிக்கை என்று நான் அதைத்தான் சொல்வேன். அதற்கும் முன்னால் ஜவுளிக்கடைகள். காலை பத்திலிருந்து ராத்திரி பத்துவரை நின்றே புடவை விரித்துக் காட்டிய பெண்களுக்குக் கால் வீங்கியது, நரம்பு சுருண்டு புடைத்தது. வெரிகோஸ் வெயினுக்கும் பரம்பரைத் தொடர்பு உண்டு, மருத்துவ நூல்கள் சொல்கின்றன. யாருடைய நரம்பு பலவீனமானது என்று அந்தப் பெண்களின் எச்சிலை வாங்கிப் பார்த்துப் பிரித்திருக்க முடியும். அந்தப் பெண்கள் கேட்டது உட்கார ஓர் இடம். 2018-இல் கேரளம் சட்டம் போட்டது. 2021-இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, எல்லா ஊழியருக்கும் இருக்கை தர வேண்டும் என்றது. பரம்பரை எப்படியிருந்தாலும் ஸ்டூல் எல்லாக் காலுக்கும் உதவும்.

உங்கள் அலுவலகத்துக்கும் அந்த மேசை வரும். படிவத்தை வாங்கி முழுதாகப் படியுங்கள், கையெழுத்துப் போடாதீர்கள். மறுப்பதற்குக் காரணம் கேட்டால் வாயால் சொல்லாமல் எழுதிக் கொடுங்கள். அந்தக் காகிதத்திலேயே நாலு கேள்வியையும் எழுதுங்கள்: மாதத்துக்கு எத்தனை இரவு ஷிப்டு, இரண்டு ஷிப்டுக்கு நடுவே எத்தனை மணி நேர ஓய்வு, ராத்திரி இரண்டு மணிக்குக் கேன்டீனில் பொரித்ததைத் தவிர என்ன கிடைக்கும், ஒப்பந்த ஊழியருக்கு உட்கார இடம் எங்கே. தனியாகக் கொடுக்காதீர்கள். பக்கத்துச் சீட்டுக்காரரிடமும் கையெழுத்து வாங்கிக் கொடுங்கள்.